பிடில் வாத்தியார் வேட்டை

பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரின் பிடிலைக் கற்று நம் சங்கீதத்துக்கு இசைவித்துச் சுமார் 200 வருஷங்கள் ஆகியும், அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரைப் பிடிப்பது, சபைகள் மலிந்த மயிலாப்பூரிலேகூட, இன்னும் சுலபமான காரியமாகிவிடவில்லை. வித்வான்கள் மார்கழியில் கச்சேரிக்கும் கோடையில் அமெரிக்காவுக்கும் போய்விடுகிறார்கள். இடையில் அகப்படுபவரிடம், அவர் யாரிடம் சிக்ஷை பெற்றவர், வில் பிடிக்கும் கையை எப்படித் திருத்துவார் என்றெல்லாம் விசாரியாமல், வீடு பெரிய சிக்னலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டுமே பெற்றோர் விசாரிக்கிறார்கள். (சிக்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சாக்ஷாத் நாரதரேயானாலும் நிராகரிக்கப்படுவார்.) புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்னும் படிகளை ஒவ்வொன்றாக ஏறித்தான் வர்ணத்தை அடையவேண்டும் என்று வாத்தியார் விநயமாகத் தெரிவிக்கும்போது, அரங்கேற்றத்துக்கு மண்டபத்தை எப்போது பதிவு செய்யலாம் என்று தாயார் அதைவிட விநயமாகக் கேட்கிறாள். தினம் ஒரு மணி நேரம் சாதகம் என்றதும், கணக்கு டியூஷனும் நீச்சல் வகுப்பும் அனைவருக்கும் ஏககாலத்தில் ஞாபகம் வருகின்றன.

ஆகையால், வாத்தியார் தேடப் புறப்படும் அன்பர்கள், ஆரம்ப வருஷங்களின் அபஸ்வரங்களைச் சகித்துக்கொள்ளும் செவிகள் தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வார்களாக.