காலோடு பேசிய தெரு

கார் கிளம்பவில்லை என்றால் எங்கள் தெருவில் முதலில் கிளம்புவது ஆலோசனைதான். சாவியைத் திருப்புகிறேன், "டிக்" என்ற சத்தம்கூட இல்லை. அதற்குள் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. காரின் கம்பெனி பெயர் வேண்டாம். இருபது வயதைத் தாண்டிய சின்னக் கார். அந்த வயதில் எந்தக் காருக்கும் வருவதுதான் அதற்கும் வந்தது.

"பேட்டரி வீக் சார்" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவருக்கு உலகில் எல்லாக் கோளாறும் பேட்டரிதான், டிவி ரிமோட் தொடங்கி அவருடைய மாப்பிள்ளை வரைக்கும். மளிகைக்கடை அண்ணாச்சி, "பேட்டரியெல்லாம் இல்லைங்க, செல்ஃப் மோட்டார் அவுட்டு" என்று தீர்ப்பு எழுதினார். மேல்மாடி ஈ.பி. சார் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் பால்கனியிலிருந்தே "எர்த் சரியில்லை" என்றார். என் மாமியார் யாரையும் பார்க்காமல், பொதுவாக, "போன அமாவாசைக்கே எலுமிச்சம்பழம் மாத்தச் சொன்னேன்" என்றார்.

ஹெட்லைட்டைப் போட்டேன். எதிர்ச் சுவரில் பளீரென்று விழுந்தது. எங்கள் காரில் ஹெட்லைட்டுக்குச் சாவியின் தயவு தேவையில்லை. பேட்டரியில் உயிர் இருந்தால் எரியும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைப் பாதி மூடினார்.

மீதி ஆலோசகர்கள் ஒன்றுகூடி எடுத்த முடிவு, தள்ளுவது. தமிழ்நாட்டில் அழைப்பிதழ் இல்லாமல் ஆள் கூடும் காரியம் கார் தள்ளுவது ஒன்றுதான். போகிறவர், வருகிறவர், கையில் பால் பாக்கெட்டுடன் நிற்கிறவர் எல்லாரும் முதுகைக் கொடுத்தார்கள். ஈ.பி. சார் மட்டும் மேலே நின்று, "செகண்ட் கியர், கிளட்சை டக்குனு விடுங்க" என்று ஆணையிட்டார். விட்டேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி குலுங்கியது. பிள்ளையார் கோயில் முனை வரை போய்விட்டோம். அங்கே தள்ளுகிறவர்கள் மாறினார்கள், நோய் மாறவில்லை.

அந்தக் குலுக்கலில்தான் துப்பு கிடைத்தது. செல்ஃப் மோட்டார் மட்டும் கெட்டிருந்தால் தள்ளியதும் வண்டி கிளம்பியிருக்கும், ஏனென்றால் செல்ஃபின் வேலையே எஞ்சினை முதல் சுற்று சுற்றிவிடுவதுதான். அதை இங்கே தெருவே செய்துவிட்டது. எஞ்சின் சுற்றியும் பற்றவில்லை என்றால் பிளக்கில் பொறி இல்லை, பெட்ரோல் பம்ப் ஓடவில்லை. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. இந்த எல்லாவற்றுக்கும் கரண்ட் போகிற வழியில், சாவித் துவாரத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் இக்னிஷன் சுவிட்ச். கொஞ்ச நாளாகவே வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரேடியோ ஒரு நொடி வாயை மூடி மறுபடி பேசிக்கொண்டிருந்தது. நான் அதை இளையராஜா பாட்டில் வரும் இடைவெளி என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

தெரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "சுவிட்சுதான் சார். ஆனா அதை எதுக்கு மாத்திக்கிட்டு? ரெண்டு வயரை டைரக்டா இழுத்து ஒரு புஷ் பட்டன் போட்டுடறேன். இப்ப வர்ற பெரிய கார்லாம் பட்டன்தானே?" என்றார். வாதம் கேட்க அழகாகத்தான் இருந்தது. பெரிய காரின் பட்டனுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, இவருடைய பட்டனுக்குப் பின்னால் இன்சுலேஷன் டேப் இருக்கும் என்பதுதான் வித்தியாசம்.

உண்மையில் எஞ்சினைக் கிளப்புவதில் பட்டன்தான் மூத்தது, சாவி இளையது. ஆரம்பத்தில் காரின் முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். சார்லஸ் கெட்டரிங் செய்த எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்த பிறகுதான் மணிக்கட்டுகள் பிழைத்தன. அதற்குப் பிறகும் பல காலம் இக்னிஷனுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட்டருக்குத் தனியாக ஒரு பட்டன் அல்லது மிதி. ஒரே சாவியைத் திருப்பினால் இரண்டும் நடக்கும் என்ற வசதியை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. நம் ஊரிலோ அம்பாசடர் டிக்கியில் ஹேண்டில் இல்லாமல் வெளியூர் கிளம்பாத பெரியவர்கள் அதற்கு வெகுகாலம் பின்னும் இருந்தார்கள். இப்போது உலகம் மறுபடி பட்டனுக்கு வந்திருக்கிறது. எங்கள் மெக்கானிக் எந்த நூற்றாண்டிலிருந்து பேசினார் என்று சொல்வது கஷ்டம்.

நானே மாற்றுவது என்று முடிவாயிற்று. வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரவில்லை. "என்னங்க, இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்க இருக்கு?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர்ஸ் கடையில், "சுவிட்சா, லாக் செட்டா?" என்றார் கடைக்காரர். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நாம் சாவி போடுகிற உருளை வேறு, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் மின்சுவிட்ச் வேறு. சாவி நுழையவில்லை, திரும்பவில்லை, பாதியில் சிக்குகிறது என்றால் உருளையின் குற்றம். நன்றாகத் திரும்புகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சுவிட்சின் குற்றம். தெரியாமல் லாக் செட்டையே வாங்கினால் கதவுக்கு ஒரு சாவி, ஓட்ட ஒரு சாவி என்று குடும்பம் பெருகும். சுவிட்ச் மட்டும் சில நூறு ரூபாயில் முடிந்துவிட்டது. "பழசைக் கொண்டுவந்தீங்களா? கப்ளர் பின்னு எண்ணிப் பார்க்கணும்" என்றார். போட்டோ காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, தன் பையனிடம் காட்டி, பிறகு போட்டோவைப் பார்க்காமலே சரியானதை எடுத்துக் கொடுத்தார்.

வேலை பேட்டரியில் தொடங்குகிறது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். சாவி போடாவிட்டாலும் இந்தச் சுவிட்சின் ஒரு வயரில் எப்போதும் கரண்ட் நிற்கும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தெருவுக்கு வாணவேடிக்கை. ஈ.பி. சார் மேலிருந்து, "மெயினை ஆஃப் பண்ணியாச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். "லைன்மேனை நம்பாதீங்க, டெஸ்டர் வெச்சுப் பாருங்க" என்றார். அவருடைய வாழ்நாள் அனுபவம் மொத்தமும் அந்த வாக்கியத்தில் இருந்தது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியின் திருகுகள் எல்லாம் அடியிலிருந்து மேல்நோக்கிப் போடப்பட்டவை. அவற்றைக் கழற்ற, டிரைவர் சீட்டைக் கடைசி வரை தள்ளிவிட்டு, மல்லாந்து, தலையை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் கொடுத்து, காலைக் கதவுக்கு வெளியே நீட்ட வேண்டும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆசனத்தில் ஒரு மனிதன் இருந்தால், தெருவுக்குத் தெரிவது அவனுடைய கால் மட்டும்தான். ஆகவே தெரு காலோடு பேச ஆரம்பித்தது.

"சார் இருக்காரா?" என்று கூரியர் பையன் காலிடம் கேட்டான். வாயில் டார்ச் இருந்ததால் "ம்ம்" என்றேன். அவன் பார்சலை முழங்காலில் வைத்துவிட்டு, கால் கட்டைவிரலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். டெலிவரிக்கு ஆதாரமாம். அடுத்து வார்டு கட்சிக்காரர் ஒருவர் நோட்டீஸைக் கால்விரலிடுக்கில் செருகி, "அண்ணனோட ஆதரவு வேணும்" என்றார். பக்கத்து வீட்டு அம்மா மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "உங்க வீட்டுக்காரர் கார்ல தூங்கறார் போல, கொசு கடிக்கப் போகுது" என்று சொன்னார்.

மூடியைக் கழற்றியதும் பூட்டின் உடல் தெரிந்தது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலையே இல்லை. தொழிற்சாலையில் முறுக்கும்போதே தலை ஒடிந்து விழும்படி செய்திருப்பார்கள், திருடன் ஸ்பேனர் போட முடியாமல் இருக்க. திருடனுக்காகச் செய்த ஏற்பாடுகள் பெரும்பாலும் சொந்தக்காரனைத்தான் பிடிக்கின்றன. முழுப் பூட்டையும் மாற்றுவதென்றால் உளியால் தட்டித் தட்டி அந்த போல்ட்டுகளைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் டிரில் போட வேண்டும். நமக்கு அந்தப் பாடு இல்லை. சுவிட்சைப் பிடித்திருந்தவை பின்பக்கத்துச் சின்னத் திருகுகள்தான். அவற்றைக் கழற்றி, வயர்கள் வந்து சேரும் கப்ளரின் பூட்டை நகத்தால் அழுத்தி இழுத்ததும் சுவிட்ச் கையோடு வந்தது.

புதியதைப் பொருத்துவதில் கவனிக்க வேண்டியது ஒன்றே. உருளையின் பின்னால் ஒரு தட்டையான நாக்கு இருக்கும், சுவிட்சில் அதற்கேற்ற பள்ளம் இருக்கும். சாவி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் சுவிட்சையும் வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும். கோணம் மாறிப் பொருந்தினால் 'ஆஃப்' என்ற இடத்தில் ஆன் ஆகும், 'ஆன்' என்ற இடத்தில் மௌனம் காக்கும். நம் அரசியலில் சகஜம், காரில் ஆபத்து. திருகுகளைப் போட்டு, கப்ளரைச் செருகி, நெகட்டிவை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் வந்தன. இன்னொரு திருப்பில் எஞ்சின் பிடித்தது. "நான் சொன்னேன்ல, எர்த்துதான்" என்றார் ஈ.பி. சார்.

பழைய சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே செம்புத் தகடுகள் அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி கருகியிருந்தன. வயது ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் சாவிக்கொத்து. கார்ச் சாவியோடு கேட், மொட்டைமாடி, பீரோ, மோட்டார் ரூம், மாமியாரின் டிரங்குப் பெட்டி, பழநி முருகன் டாலர், எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாத ஒரு பித்தளைச் சாவி எல்லாம் தொங்கும். இந்தக் கனம் ஒவ்வொரு பள்ளத்திலும் ஊசலாடி உருளையையும் சுவிட்சையும் தேய்க்கிறது.

இதைச் சிரிக்கும் விஷயமாகவே விட்டுவிட முடியாது. 2014இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லே கோபால்ட் உள்ளிட்ட சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்தச் சுவிட்சுக்காகத்தான். சாவியை 'ஆன்' நிலையில் பிடித்துவைக்கும் உள்ளமைப்பு பலவீனமாக இருந்தது. கனமான கொத்து தொங்கினால், முழங்கால் இடித்தால், ஓடும்போதே சாவி பின்வாங்கும். எஞ்சின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. இடையில் பாகத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு அதன் எண்ணை மாற்றாமல் விட்டதால், பழுது எது, திருத்தம் எது என்று கண்டுபிடிக்கவே ஆண்டுகள் ஆயின. கார்க்காரர்களுக்கு அப்போது கம்பெனி சொன்ன அவசர வைத்தியம், வளையத்தில் கார்ச் சாவியைத் தவிர வேறு எதுவும் தொங்கக் கூடாது என்பதுதான்.

ஸ்டீயரிங்கில் ஏர்பேக் உள்ள கார், சிப் வைத்த சாவி உள்ள கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மல்லாந்து படுக்க வேண்டாம், அது தெரிந்த எலக்ட்ரீஷியனின் வேலை. பழைய கார்க்காரர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: கார்ச் சாவியைக் கொத்திலிருந்து பிரித்து விடுங்கள். முருகனை டேஷ்போர்டில் உட்கார வையுங்கள். ஊசலாடாமல் இருக்க அவருக்கும் அதுதான் வசதி.