டி.என்.ஏ.வை மூட்டை கட்டுவது எப்படி?

செல்லுக்குள் ஒரு மரபணுவை அனுப்ப ஆசைப்படுகிறீர்களா? முதலில் சரக்கைப் பாருங்கள். 5,000 காரஇணை கொண்ட டி.என்.ஏ. வளையத்தை வெட்டி நீட்டினால் 1.7 மைக்ரோமீட்டர் வரும். செல் விழுங்க வேண்டிய பொட்டலமோ 100 நானோமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. சரி, மடிப்போம் என்றால் மடியாது. காரஇணை ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாஸ்பேட், எல்லாம் எதிர்மின்சுமை, ஒன்றுக்கொன்று ஆகாது.

கெஞ்ச வேண்டாம். கிளைத்த பாலிஎதிலீன்இமைன் என்ற பாலிமரைக் கொட்டுங்கள். அதன் நைட்ரஜன்களில் நேர்மின்சுமை உண்டு. அது ஒட்டியதும், டி.என்.ஏ.வைச் சுற்றிக் காவல் நின்ற சோடியம் அயனிகள் விடுதலையாகி ஓடும். இந்தச் சேர்க்கையை நடத்துவதே பெரும்பாலும் அந்த விடுதலைதான். சுமையில் சுமார் 90 சதவீதம் சமன்பட்டதும் இழை தானே சுருண்டுவிடும்.

எவ்வளவு கொட்டுவது? ஒரு பாஸ்பேட்டுக்கு இரண்டு, மூன்று நைட்ரஜன் இருந்தால் கட்டு முடிந்துவிடும். நீங்கள் பத்து போடுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒட்டாமல் திரியும் மிச்சம் மரபணு வேலைக்கு உதவும், செல்லின் சவ்வையும் கிழிக்கும். செல் செத்தால், மருந்து உள்ளே போனதற்கு அதுவே சாட்சி என்று எழுதிக்கொள்ளலாம்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். ரத்தத்தில் ஏற்றும் பண்டத்துக்கு அது தலைகீழ்: உப்புநீரில் துகள்கள் திரண்டு கட்டியாகிவிடும். குளுக்கோஸ் கரைசலில் கலக்குங்கள்.

விழுங்கிய செல் பொட்டலத்தை எண்டோசோம் என்ற பைக்குள் போட்டு அமிலமாக்கும். பாலிமர் புரோட்டான்களை உறிஞ்ச, குளோரைடும் நீரும் பின்னால் நுழைய, பை வெடிக்கும். ஸ்ட்ராஸ்பூர்கில் ழான்-பால் பேர் குழு 1995இல் இந்தப் பாலிமரை அறிமுகப்படுத்தியபோது சொன்ன விளக்கம் இது. நம்பாத ஆய்வாளர்களும் உண்டு. நீங்கள் விளக்கப்படம் மட்டும் போட்டுவிடுங்கள்.

இனி ஆடம்பரப் பிரியர்களுக்கு. டவ் கெமிக்கலில் டொனால்ட் டொமாலியா உருவாக்கிய டென்ட்ரைமர் இருக்கிறதே, கிளைக்குக் கிளை கணக்குப் பிசகாத மரம். ஐந்தாம் தலைமுறையில் 128 நுனிகள். அதை வாங்கி, பத்திரமாகத் திறந்து, சூடுபடுத்தி உடைத்துவிடுங்கள். கேலி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பிரான்சிஸ் சோகா குழு 1996இல் காட்டியது இதுதான்: வெப்பத்தில் கிளை முறிந்த டென்ட்ரைமர்தான் முழு மரத்தைவிடப் பல மடங்கு நன்றாக மரபணுவைச் சேர்த்தது. முறிந்தது வளைந்துகொடுக்கும், கட்டும், பிறகு விரியவும் செய்யும். இறுக்கிக் கட்ட யாராலும் முடியும். உள்ளே போனபின் அவிழாத மூட்டையிலிருந்து ஒரு புரதமும் பிறக்காது.

அவிழ்ந்தாலும் உட்கருவுக்குள் நுழைய, செல் பிரியும் நேரமே பெரும்பாலும் வசதி. பிரியாத செல்லில் பலன் குறைந்தால் பாலிமர் விற்றவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.