கடுகளவு எஞ்சின்

கேள்வி: 2014 மாடல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. 1 லிட்டர் டர்போ பெட்ரோல், மூன்றே சிலிண்டர். நம்பி வாங்கலாமா?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை வார்ப்பிரும்பில் வடித்துக் காட்டிய எஞ்சின் அது! 999 சிசிதான், பிளாக்கை ஒரு ஏ4 தாளின் மேல் நிறுத்திவிடலாம். ஆனால் சக்தி 125 பிஎஸ், இழுவிசை 170 நியூட்டன் மீட்டர். ஆண்டின் சிறந்த எஞ்சினுக்கான சர்வதேச விருதை 2012, 2013, 2014 என மூன்று வருடம் விடாமல் தட்டிச் சென்றது. வெளியேறும் புகையின் வேகத்திலேயே குட்டி டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கிறது. ரகசியம் அவ்வளவுதான்.

உழைக்குமா? அது பழைய ஓனர் கையில் இருந்தது. இதன் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலில் குளித்தபடியே ஓடும். ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தாலோ, கண்ட ஆயிலை ஊற்றினாலோ பெல்ட் நைந்து, துகள்கள் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். ஆயில் அழுத்தம் விழுந்தால் எஞ்சினும் விழும். எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவையும் பாருங்கள். அளவு குறைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

சர்வீஸ் புத்தகம்தான் இந்த வண்டியின் ஜாதகம். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பொருத்தம் சரியாக இருந்தால், தாராளமாகக் கைப்பிடியுங்கள்!