'கொஞ்சம் அட்ஜஸ்ட்': ஒரு சொல்லாராய்ச்சி

அட்ஜஸ்ட் என்பது ஆங்கில வினைச்சொல். ஒன்றைச் சிறிது திருத்தித் தேவைக்குப் பொருந்தச் செய்தல் அதன் முதற்பொருள். புதிய சூழலுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளுதல் இரண்டாம் பொருள். மூக்குக்கண்ணாடியும் சைக்கிள் பிரேக்கும் முதற்பொருளுக்கு உரியவை. புது ஊரும் கடுங்குளிரும் இரண்டாவதற்கு உரியவை. தமிழ்நாட்டுப் பேருந்தில் மூவர் இருக்கையின் ஓரத்தில் வந்து நிற்கும் நான்காமவர் கையாளும் பொருளோ இவ்விரண்டிலும் அடங்காது. ஆயினும் அதுவே இச்சொல்லின் ஆதிப்பொருளுக்கு மிக அண்மையில் உள்ளது என்பது கீழே நிறுவப்படுகிறது.

பிறப்பு

லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் 'பக்கத்தில்' என்று பொருள். 'அத்' என்னும் முன்னொட்டு அதனோடு சேர, 'அருகே கொண்டுவா' என்னும் பொருளில் ஒரு வினை பிறந்தது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போயிற்று. போகிற வழியில், 'நியாயமான' எனப் பொருள்படும் 'யுஸ்துஸ்' என்ற வேறொரு லத்தீன் சொல்லின் பிள்ளை இது என்று தவறாகக் கருதப்பட்டது. அந்தத் தவற்றின் துணையால் 'சரிசெய்தல்' என்னும் பொருள் வலுப்பெற்றது; 'நெருங்குதல்' தேய்ந்து மறைந்தது.

ஐரோப்பாவில் தொலைந்த அப்பொருளை மீட்டெடுத்த பெருமை பேருந்துப் பயணிகளைச் சாரும். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்றதும் மூவரும் நெருங்குகின்றனர். நான்காமவர் அருகே வந்து சேர்கிறார். மேலும், 'யுக்ஸ்தா'வுக்கும் வடமொழி 'யோக'த்துக்கும் வேர் ஒன்றே. அவ்வேரின் பொருள் 'இணைத்தல்'. ஆகவே, நால்வர் தோளோடு தோள் இடிபட அமர்ந்திருப்பதை யோகநிலை என்று அழைத்தால் மொழியியல் மறுக்காது.

ஒலியும் இலக்கணமும்

ஆங்கிலத்தில் இச்சொல்லின் நடுவிலுள்ள 'டி' தனித்து ஒலிப்பதில்லை. 'அஜஸ்ட்' என்பதே ஆங்கிலேயர் ஒலிப்பு. தமிழர் 'ட்' என்னும் மெய்யை நிறுத்தி, அழுத்தி ஒலிக்கின்றனர். வல்லின மெய் சொல்லின் இறுதியில் வராது என்பது தமிழ் மரபு. இச்சொல்லின் இறுதியில் நிற்கும் 'ட்'டுக்காக அந்த விதி சற்றே அட்ஜஸ்ட் செய்யப்பட்டது.

ஆங்கில வினைகளைத் தமிழில் சேர்க்க 'பண்ணு' என்னும் துணைவினை வேண்டும். 'பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணு' என்றால் மாறவேண்டியது பிரேக். அதோடு 'கொள்' சேர்ந்து 'பண்ணிக்கோ' ஆனதும், மாறவேண்டியவர் கேட்பவர் ஆகிவிடுகிறார். சொல்பவர் மாறுவதாக இவ்விரு வடிவங்களிலும் பொருளில்லை. முன்னிலை ஏவலில் பெருவழக்காக உள்ள இவ்வினை, தன்மை நிகழ்காலத்தில் அருகியே வரும். தன்மை இறந்தகாலம் சண்டை தொடங்கிய பிறகே தோன்றும்: 'நான் எவ்வளவோ அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்!'

இதன் முன் வரும் 'கொஞ்சம்' அளவைக் குறிப்பதன்று. கேட்கப்படும் இடம் பெரிதாகப் பெரிதாகக் 'கொஞ்சம்' நீளும். 'கொஞ்ச்ச்சம்' என்று ஒலித்தால், பின்னால் ஒரு குழந்தையும் இரண்டு பைகளும் நிற்கின்றன என்று கொள்க.

பொருள்வகை

இடம் பற்றியது மேலே கூறப்பட்டது. சில்லறை பற்றியது கடைகளில் வழங்கும்: இரண்டு ரூபாய்க்குப் பதில் இரண்டு மிட்டாய். சுவை பற்றியது, சாம்பாரில் உப்பு குறைந்த நாளில் சமையலறையிலிருந்து எழும். காலம் பற்றியது அலுவலகத்துக்கு உரியது. 'இன்னைக்கு மட்டும்' என்ற அடை இன்றி அது வராது, அந்த அடையும் நாள்தோறும் வரும்.

ஐந்தாவது, வாழ்க்கை பற்றியது. திருமணமான பெண்ணுக்கு உறவினர் கூறும் 'அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா' இவ்வகை. பேருந்தில் கேட்கும் இடம் அடுத்த நிறுத்தத்திலேனும் திரும்பக் கிடைக்கலாம். இங்கே கேட்கப்படும் இடத்துக்கு இறங்கும் நிறுத்தம் சொல்லப்படுவதில்லை. திரைத்துறையில் பெண்களிடம் கேட்கப்படும் 'அட்ஜஸ்ட்மெண்ட்' பாலியல் சுரண்டலுக்கு இட்ட மறைபெயர். அதற்கு இந்த மென்சொல் பொருந்தாது.

ஆங்கிலம் கற்போர்க்கு

இலண்டன் பேருந்தில் 'ப்ளீஸ் அட்ஜஸ்ட்' என்றால், கேட்பவர் தம் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்க்கக்கூடும். அங்கே 'குட் யூ மூவ் ஓவர்?' என்று கேட்க வேண்டும். புதிய சூழலுக்குப் பழகுதலைச் சொல்லும்போது இவ்வினைக்குப் பின் 'டு' வரும்: 'ஷீ அட்ஜஸ்டட் டு தி கோல்ட்'. இந்தியரிடையே பரவலாக உள்ள 'அட்ஜஸ்ட் வித் தி கோல்ட்' பிழை.

தமிழில் எழுதுவோர்க்குக் கடன் வாங்கும் தேவையும் இல்லை. கருவிக்குச் 'சரிசெய்', சூழலுக்குப் 'பழகு', உறவுக்கு 'விட்டுக்கொடு', இருக்கைக்குத் 'தள்ளி உட்காருங்க' ஆகியவை உள்ளன. ஆனால் இவை ஒவ்வொன்றும் என்ன கேட்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. அட்ஜஸ்ட் சொல்வதில்லை; அதன் செல்வாக்குக்கு அதுவே காரணம். இனி வரும் அகராதியில் அதன் தமிழ்நாட்டுப் பொருளை இப்படிப் பதியலாம்: அட்ஜஸ்ட் (வினை) – ஒருவர் வசதிக்காக மற்றவர் ஒடுங்குதல்.