புயல் நன்றாகத்தான் நடித்தது

பேரிடர் படங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் பாதியில் அப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். கணவனும் மனைவியும் வக்கீல் வீட்டு வாசலில் நிற்பார்கள். இடைவேளைக்குப் பிறகு அலை வரும், கட்டடம் சரியும், எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். நாம் காசு கொடுப்பது அந்தக் கட்டிப்பிடிப்புக்கு.

புதுச்சேரியில் 1758இல் பூஜை போட்டு, 1761 ஜனவரியில் வெளியான படத்தில் புயல் உண்டு, கப்பல் உண்டு, ஆயிரத்துக்கு மேல் சாவு உண்டு. கட்டிப்பிடிக்கத்தான் ஆள் கிடையாது.

இது இரண்டாம் பாகம். முதல் பாகம் 1748இல் வந்து நன்றாகவே ஓடியது. ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் ஊரை வளைத்தார், பிரெஞ்சு கவர்னர் டூப்ளே தாக்குப்பிடித்தார், மழை பிடித்துக்கொண்டதும் பாஸ்கவன் மூட்டையைக் கட்டினார். டூப்ளே ஒன்றும் உத்தமர் இல்லை. அவர் மனைவிக்கும் அவருடைய மொழிபெயர்ப்பாளரான துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பகையோ நட்போ, அங்கே ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழுந்தது.

இரண்டாம் பாகத்தின் கதாநாயகன், பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் லாலி, 1758 ஏப்ரல் 28 அன்று கரையிறங்கினார். அப்பா வழியில் அயர்லாந்து ரத்தம். ஃபோந்தனுவா போரில் பெயர் வாங்கியவர். வீரத்தில் குறை சொல்ல முடியாது. கையில் அருமையான ஒருவரிக் கதையும் வைத்திருந்தார்: இந்தத் தீபகற்பத்தில் ஓர் ஆங்கிலேயன்கூட மிஞ்சக் கூடாது. திரைக்கதைதான் எழுதவில்லை.

வந்த வேகத்தில் கடலூருக்குப் படையை விரட்டினார். இழுக்க மாடில்லை, சுமக்க ஆளில்லை. ஊரில் அகப்பட்டவர்களையெல்லாம் சாதி பாராமல் பிடித்துவந்து பாரம் ஏற்றினார். சமத்துவம் என்று யாரும் மாலை போட்டுவிட வேண்டாம். அவர் கண்ணுக்கு எல்லோரும் சமமாக மாடுகள். கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டை ஜூனில் விழுந்தது. படத்தில் ரசிகர்கள் விசிலடிக்க முடிந்த காட்சி அது ஒன்றுதான்.

காசு தீர்ந்ததும் தஞ்சாவூர் ராஜாவிடம் பழைய பாக்கியை வசூலிக்கக் கிளம்பினார். வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடிக் குளத்தைக் கலக்கினார். அங்கிருந்த அந்தணர் சிலரை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். கதாநாயகன்மேல் நமக்குப் பரிவு வர வேண்டிய இடத்தில் இப்படி ஒரு காட்சி. தஞ்சாவூரும் கிடைக்கவில்லை, பணமும் தேறவில்லை.

துணைப் பாத்திரங்களையாவது ஒழுங்காக எழுதியிருக்கலாம். கவர்னர் லெய்ரி: லாலி பணம் கேட்டால் இவர் கஜானாவைத் திறந்து காட்டுவார், உள்ளே காற்றுதான் இருக்கும். கப்பற்படைத் தலைவர் தாஷே: ஆங்கிலேய அட்மிரல் போக்காக்கோடு மூன்று முறை மோதி மூன்றிலும் முடிவு தெரியாமல், 1759இல் மொரீஷியஸுக்குப் போனவர், இடைவேளையில் வெளியே போன ஆள் மாதிரி திரும்பவே இல்லை.

அடுத்தது புஸ்ஸி. ஹைதராபாத் தர்பாரையே கைக்குள் வைத்திருந்தவர். லாலி அவரை அங்கிருந்து வரவழைத்தார். வந்தவர் சொன்ன எதையும் கேட்கவில்லை. புஸ்ஸியைவிட மூத்த அதிகாரிகள் சிலர், அவரைத் தங்களுக்கு மேலே வையுங்கள் என்று எழுதியே கொடுத்தார்கள். பதவியை விட்டுக்கொடுக்கும் அதிகாரிகள்! வேறு படமென்றால் இந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும். லாலியோ, இதற்காக புஸ்ஸி எவ்வளவு அழுதிருப்பார் என்று கணக்குப் பார்த்தார்.

1758 டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார்கள். கறுப்பர் நகரத்தில் நுழைந்த சிப்பாய்கள் முதலில் கைப்பற்றியது சாராயத்தை. பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் தலைகாட்ட, முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்கள். அதற்குச் சற்றுமுன் லாலி புதுச்சேரிக்கு எழுதிய கடிதத்தில் ஊரைப் பாவிகளின் நகரம் என்று திட்டி, வானத்து நெருப்பு எரிக்காவிட்டாலும் ஆங்கிலேயர் நெருப்பு எரிக்கும் என்று சாபமும் விட்டார். ஊரும் சளைக்கவில்லை. அவர் தோற்றுத் திரும்பிய சேதி கேட்டு அவருடைய சொந்த ஜனங்களே மகிழ்ந்தார்கள். 1760 ஜனவரி 22, வந்தவாசி. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் லாலி தோற்றார், புஸ்ஸி பிடிபட்டார். லாலியோடு வாதாட இருந்த ஒரே விவரமான ஆளும் படத்திலிருந்து வெளியேறினார்.

ஆங்கிலேயர் முகாமில் மட்டும் பாசமலர் ஓடியதா என்றால், அதுவும் இல்லை. அடுத்து அவர்கள் புதுச்சேரியை வளைத்தார்கள். முற்றுகை சூடுபிடித்த நேரத்தில், மான்சன் என்பவர் கூட்டைவிட மூத்தவர் என்று லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. கூட் முகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஊரைச் சுற்றியிருந்த முள்வேலியைத் தாக்கியபோது குண்டுபட்டு மான்சன் கால் முறிந்தது. கூட் திரும்பி வந்தார். உறவுச் சிக்கலைத் தீர்க்க இந்தக் கதாசிரியருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

நவம்பர் 27 அன்று, தானியம் மிச்சமாகட்டும் என்று சுமார் 1,400 உள்ளூர்வாசிகளை லாலி கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களை மறித்துத் திருப்பி விரட்டினார்கள். கோட்டைக் கதவும் திறக்கவில்லை. எட்டு நாள், இரண்டு துப்பாக்கி வரிசைகளுக்கு நடுவே, புல்லையும் வேரையும் பிடுங்கித் தின்று கிடந்தார்கள். அப்புறம்தான் கூட் வழிவிட்டார். படத்தில் குடும்பம், பிள்ளைகுட்டி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டவர்கள் என்று இருந்தது இவர்கள் மட்டும்தான். இவர்களைத் துணை நடிகர் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை.

ஒருவழியாகப் புயல் வந்தது. 1760இன் கடைசி இரவு. இன்றைக்கு டிசம்பர் 31 இரவு வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழியும் அதே கடற்கரைக்கு எதிரே, ஆங்கிலேய அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள் நங்கூரமிட்டிருந்தன. 2011இல் ‘தானே’ புயல் டிசம்பர் 30 அன்று வந்து என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ‘டியூக் ஆஃப் அக்விடேன்’, ‘சண்டர்லேண்ட்’ இரண்டும் மூழ்கின. அவற்றில் பிழைத்தவர்கள் சொற்பம். இன்னும் மூன்று கப்பல்கள் அரியாங்குப்பம் பக்கம் கரையில் மோதின. கரையில் கூடாரங்கள் பறந்தன, பதுங்குகுழிகளில் தண்ணீர் நின்றது. வானத்து நெருப்பைத்தான் லாலி எதிர்பார்த்தார். வானம் அவர் பக்கம் நின்று தண்ணீரை அனுப்பியது.

கதாநாயகன் படுக்கையில் கிடந்தார். ஆனாலும் உற்சாகமாகப் பழவேற்காட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஆங்கிலேயர் கப்பற்படை ஒழிந்தது, படகு படகாக அரிசி அனுப்பு. கடிதத்தை முதலில் படித்தவர்கள் ஆங்கிலேயர்கள். ஒரு வாரத்துக்குள் மிச்சக் கப்பல்கள் வந்து மறுபடி வாசலை அடைத்தன. கோட்டைக்குள் நாய்க்கறி 24 ரூபாய்க்குப் போனதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அரிசி அனுப்பக் கூடிய உள்நாட்டுக்காரன் எவனோடும் லாலிக்கு நல்ல வார்த்தை இல்லை. மைசூரிலிருந்து உதவிக்கு வந்த ஹைதர் அலியின் படையும் எப்போதோ ஊர் திரும்பியிருந்தது. புயல் ஒரு வார அவகாசம் வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு வாரத்தில் இவருக்காக ஓடிவர ஒருவரும் இல்லை.

1761 ஜனவரி 16 காலை, வில்லியனூர் வாசல் வழியாக ஆங்கிலேயர் உள்ளே வந்தார்கள். வந்த கையோடு, பிடித்த ஊர் கம்பெனிக்கா மன்னருக்கா என்று கூட்டும் சென்னை கவர்னர் பிகட்டும் முறைத்துக்கொண்டார்கள். பிகட் சம்பளப் பணத்தை நிறுத்துவேன் என்றதும் பிரச்சினை தீர்ந்தது. கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள்.

லாலி ஊரைவிட்டுப் போனபோது அவருடைய அதிகாரிகளே கூடி நின்று கூச்சல் போட்டார்கள். 1766 மே 9 அன்று பாரிஸில் தலையை வெட்டினார்கள். பேசிவிடக் கூடாதென்று வாயைக் கட்டியிருந்தார்கள். படம் முழுக்க வசனம் பேசியவருக்குக் கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. வால்டேர் வரிந்துகட்டி வாதாடி, 1778இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. தலை போன பிறகு!

விமர்சகர் ஒருவர் இருந்தார். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் 1761 ஜனவரி 12 அன்று காலமானார், கிளைமாக்ஸுக்கு நான்கு நாள் முன்னால். பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்.

ஆங்கிலேயர் 1778இலும் 1793இலும் அடுத்த பாகங்கள் எடுத்தார்கள். அதே ஊர், அதே முற்றுகை, அதே சரணடைதல். புயல் மட்டும் கால்ஷீட் தரவில்லை.