செவப்புங்கிறது ரகமில்லவே, மருமவனே

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில இரும். உம்ம சீனிக்கிழங்கு வயலை நேத்துப் பாத்துட்டுத்தான் வாரேன். என்னா கொடி! வரப்பைத் தாண்டி ஓடைக்குள்ள எறங்கிட்டு. போறவன் வாரவன் எல்லாம் நின்னு பாக்கான். எம்ம வெள்ளாடு பாத்ததோட நிக்கல, ரெண்டு வாய் தின்னும் பாத்துச்சு. அதுக்குப் பரம திருப்தி.

ஒரு எடத்துல கையால மண்ணைக் கிளறினேன். கோவிச்சுக்கிடாதேயும். உள்ள வெரல் தண்டிக்கு நாலு வேரு கெடக்கு. யூரியா எத்தன மூட்டை? சரி, சொல்ல வேண்டாம், எலை மொகத்துலயே எழுதியிருக்கு. தழைச்சத்தைக் கொட்டினா அது கொடியைத்தான் வளக்கும். கோயமுத்தூர் பல்கலைக்கழகத்துக் கணக்குல தழைச்சத்து ஒரு பங்குன்னா மணிச்சத்து ரெண்டு, சாம்பல்சத்து மூணு. காலேஜு படிச்ச மாப்பிள்ளை அதைக் கீழேருந்து மேல வாசிச்சிருக்கீரு.

என்ன ரகம்னு கேட்டா ‘செவப்பு’ங்கீரு. அது தோலு நெறம்வே! திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல 1963லேருந்து கிழங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நாரோயிலைத் தாண்டினா வந்துரும். நீரு பத்மநாபசாமியைக் கும்பிட்டுட்டு சிப்ஸு வாங்கிட்டு வந்தீரு. அவுகளோட ஸ்ரீபத்ரா தொண்ணூறு நாள் சொச்சத்துல வெட்டுக்கு வந்துரும். உம்ம வயல்ல வேருல முடிச்சு முடிச்சா நூற்புழு இருக்கே, அது இந்த ரகத்து வேருக்குள்ள போகும், போன எடத்துல வம்சம் பெருக்காது. அடுத்து வைக்கிற பயிருக்கும் நிம்மதி. ஆரஞ்சு சதை வேணும்னா கோ 3 இருக்கு. பூ கிருஷ்ணான்னு உள்ள ஊதாவா ஒண்ணும் வந்திருக்கு, சத்துக்காரக் கிழங்குதான். ஆனா பொங்கச் சந்தைக்கு வார ஆச்சி அதை வெட்டிப் பாத்துட்டு ‘அழுகிப்போச்சு’ம்பா. அவளுக்கு அந்த ஊதா நெறத்தைக் குடுக்கிற அந்தோசயனின் பத்திப் பாடம் நடத்த நீரு தயார்னா நடும்.

நட்ட லட்சணத்துக்கு வருவோம். போன வெள்ளாமையோட அடித்தண்டைத்தான வெட்டி நட்டீரு? கூன்வண்டு முட்டை வைக்கிறது அந்த முத்தின தண்டுலதான். காசு செலவில்லாம வண்டையும் சேத்து நட்டிருக்கீரு. நுனிக்கொடியில ஒரு சாணுக்குக் கொறையாம, நாலஞ்சு கணு இருக்கிற மாதிரி வெட்டணும். வெட்டின கையோட வயலுக்கு ஓடப்படாது. எலையைக் கிள்ளாம நெழல்ல ரெண்டு நாள் போட்டு வச்சா கணுவுல வேரு எட்டிப் பாக்கும். அந்த ரெண்டு நாளும் நீரு டீக்கடையில இருந்தாலும் அது வேலைதான், இதைவிட நல்ல சோலி உமக்கு எங்க கெடைக்கும்?

பொறவு, குச்சி குத்துற மாதிரி நட்டமா சொருகாதேயும். ரெண்டு நுனியும் வெளிய தெரிய, நடுக்கணு மட்டும் மண்ணுக்குள்ள போற மாதிரி படுக்க வச்சு மூடணும். மூடின கணுவுலதான் கிழங்கு எறங்கும். பாருக்குப் பாரு ரெண்டடி, கொடிக்குக் கொடி முக்கால் சாண். பாரு ஒசரமா இருக்கட்டும். ஐப்பசி மழை உம்ம வயல்ல வந்து குளிச்சிட்டு ஓடிப்போகணும், தங்கப்படாது.

மாசம் ஒண்ணாச்சுன்னா கொடியைத் தூக்கிப் பெரட்டிப் போட்டு மண்ணணைக்கணும். விட்டா போற எடமெல்லாம் கணு வேரு விட்டு, சுண்டுவெரல் கிழங்கா வச்சு, பெருங்கிழங்கோட பங்கைத் தின்னுரும். ரெண்டாம் மாசமும் அணையும். மண்ணு வெடிச்ச எடம் வழியாத்தான் வண்டு கிழங்குக்கு எறங்குது. வண்டு தொட்ட கிழங்கு கசக்கும், மாடுகூட மொகத்தைத் திருப்பிக்கிடும். பொட்டவண்டு வாசம் வச்ச பொறின்னு விக்கிறான், ரெண்டு மூணு வாங்கித் தொங்கவிடும். பொண்ணு பாக்க வார ஆம்பள வண்டெல்லாம் அதுல விழுந்துரும். சிரிக்காதேயும், நீரும் அப்படி வந்தவர்தான்.

வெல ஏறட்டும்னு முத்தின கிழங்கை மண்ணுக்குள்ளயே வச்சிருக்கிற யோசனையும் வேண்டாம். வண்டு அதுக்குள்ள வளைகாப்பு முடிச்சிரும். நாளாச்சுன்னா வெட்டும், வெட்டின வயல்ல சொத்தைக்கிழங்கையும் தண்டையும் விடாமப் பொறுக்கி அழியும்.

இப்ப ஆனி. தைப்பொங்கலுக்கு வெட்டணும்னா புரட்டாசி கடைசியில நடணும். அதுக்குக் கொடி எங்க? ரெண்டரை ஏக்கருக்கு எம்பது கிலோ சொத்தையில்லாக் கிழங்கை நாத்தங்கால்ல நட்டு, அதுல வார கொடியை ஒருதரம் எடம் மாத்தி வளத்து, மூணு மாசம் காத்திருக்கணும். உமக்கு ஏது பொறுமை? எம்ம கொல்லையில போன வாரமே நட்டாச்சு. மொத வெட்டு உமக்குத்தான், வேற யாருக்கும் தரமாட்டேன். ரொக்கம் மட்டும் முன்கூட்டியே குடுத்துரும், எம்ம மவகிட்ட சொல்லாண்டாம்.