சனிக்கிழமைகளின் ஊர்

ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் ஏறக்குறைய நடுவில், ஒன்ராறியோ ஏரி முடிந்து சென்ற் லோறன்ஸ் நதி தொடங்கும் இடத்தில் இருக்கிறது கிங்ஸ்ரன். 401ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது பெற்றோல் அடித்துக் கோப்பி வாங்கிக்கொண்டு கிளம்புகிற ஓர் இடம். 1841 முதல் 1844 வரை இதுதான் கனடா மாகாணத்தின் தலைநகரம் என்பதோ, அந்தப் பெருமையில் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய நகரமண்டபம் இன்னும் தன் கும்மட்டத்தோடு ஏரியைப் பார்த்து நிற்கிறது என்பதோ அவர்களில் பலருக்குத் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் நான் இங்கே வந்துசேர்ந்தபோது, இந்த ஊரில் பெரிய சிறைச்சாலை ஒன்று இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்கும் தெரிந்திருந்தது. 1835இல் திறந்த அந்தச் சிறையை 2013இல் மூடினார்கள். யாருமே உள்ளே போக விரும்பாத அந்த இடத்துக்குள் இப்போது கோடைகாலத்தில் சனங்கள் நுழைவுச்சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, சிரித்துக் கதைத்தபடி போய்வருகிறார்கள்.

ஆனால் என் நினைவில் இருக்கும் கிங்ஸ்ரன் சனிக்கிழமைகளால் ஆனது. காலையில் நகரமண்டபத்துக்குப் பின்னால் சந்தை. 1801இல் தொடங்கிய அந்தச் சந்தை இன்றும் கூடுகிறது. ஏப்ரலில் மேப்பிள் பாகு, யூனில் ஸ்ரோபெறி, ஓகஸ்ற்றில் சோளம், ஒக்ரோபரில் பூசணி என்று நாட்காட்டி பார்க்காமலே அங்கே மாதத்தைச் சொல்லிவிடலாம். அந்நாளில் ஊர்ச்செய்தியும் அங்கேதான் கிடைக்கும். மிச்சச் செய்தி ‘விக் ஸ்ரான்டர்ட்’ பத்திரிகையில் வரும். 1834இல் ‘பிரிட்டிஷ் விக்’ என்று தொடங்கிய அந்தப் பத்திரிகையை எங்கள் தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் எறிவான். மாதமுடிவில் அவனே கதவைத் தட்டி, பனி படிந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காசு கேட்கக் கூச்சப்பட்டு நிற்பான். இப்போது செய்தி என் கைத்தொலைபேசிக்கே வந்துவிடுகிறது, நடந்த மறுநிமிடமே. எனக்கு அந்தப் பையனை நினைவிருக்கிற அளவுக்கு நேற்று வாசித்த தலைப்பு எதுவும் நினைவில்லை.

சந்தை முடிந்தால் ரிம் ஹோர்ட்டன்ஸ். ஒரு ஹொக்கி வீரர் 1964இல் ஹமில்ரனில் தன் பெயரில் தொடங்கிய டோனற் கடை, நாங்கள் வருவதற்குள் ஒவ்வொரு சிற்றூரின் திண்ணையாகவும் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற தொழிற்சாலைக்காரர்கள், சிறைக்காவலர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், என்னைப்போல நேற்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, இரண்டு சீனியும் இரண்டு கிறீமும் போட்ட அதே கோப்பியைத்தான் வாங்குவோம். குளிர்காலம் முடியப்போகிற நாட்களில், 1986இலிருந்து நடந்துவந்த ஒரு திருவிழா அங்கே தொடங்கும். கோப்பியைக் குடித்து முடித்ததும் கடதாசிக் குவளையின் விளிம்பைச் சுருட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பரிசு அச்சடித்திருக்கும். பெருவிரலால் முடியாதவர்கள் பல்லால் கடித்துச் சுருட்டுவார்கள். அநேகமாக இன்னொரு தடவை முயலுங்கள் என்றுதான் இருக்கும். மிஞ்சிப்போனால் ஒரு டோனற். அந்த டோனற்றுக்கு மேசை முழுவதும் கைதட்டும். பக்கத்து மேசைக்காரர் எழும்பிவந்து குவளையை வாங்கிப் பார்த்து, உண்மைதான் என்று உறுதிசெய்துவிட்டுப் போவார். 2020இல் பெருந்தொற்று வந்த வசந்தத்தில் அந்த விளையாட்டு கைத்தொலைபேசிக்குள் போயிற்று. கடதாசி மிச்சம், கையும் சுத்தம், பரிசு தவறிப்போவதும் இல்லை. ஆனால் ஒருவர் வென்றதை அடுத்த மேசைக்காரர் அறிய வழியில்லாமல் போயிற்று.

மாலையானால் ஹொக்கி. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சிபிசி ஒளிபரப்பும் ஆட்டம் எங்களூர் சிகேடபிள்யூஎஸ் நிலையத்தின் வழியாக 11ஆம் அலைவரிசையில் வரும். வீட்டுக்கூரையில் உள்ள அன்ரெனாவை ஏரியின் பக்கம் திருப்பினால் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் வோட்டர்ரவுண் நிலையமும் தெரியும். அவ்வளவுதான் எங்கள் தெரிவு. தெரிவு அவ்வளவு சிறியதாக இருந்ததால்தான், திங்கட்கிழமை வேலைக்குப் போனால் எல்லாருக்கும் கதைக்க ஒரே ஆட்டம் இருந்தது. ஊர் நடுவில் இருப்பதால் பாதிப்பேர் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் கட்சி, பாதிப்பேர் மொன்றியல் கனேடியன்ஸ் கட்சி. ஒரே வீட்டுக்குள் கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமுமாக இருப்பார்கள். 1993ஆம் ஆண்டின் வசந்தகாலம் இந்த ஊருக்கென்றே வந்தது. ரொறன்ரோ அணியைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிய டக் கில்மோர் கிங்ஸ்ரனில் பிறந்தவர். மொன்றியல் அணியில் ஆடிய கேர்க் மல்லரும் கிங்ஸ்ரனில் பிறந்தவர். இரண்டு அணிகளும் இறுதிப்போட்டியில் மோதிக்கொள்ளும் என்று ஊரே பயந்தும் ஆசைப்பட்டும் காத்திருந்தது. மே 29இல் வெய்ன் கிரெற்ஸ்கியின் லொஸ் ஏஞ்சலஸ் அணி ரொறன்ரோவை வீழ்த்தியது. எங்கள் தெருவில் அன்றிரவு ஒரு வீட்டுக்காரர் முற்றத்துக் கதிரையில் விடியும்வரை இருந்தார். யூன் 9இல் மொன்றியல் கிண்ணத்தை வென்றது. வெற்றியைத் தீர்மானித்த கோலை அடித்தவர் கேர்க் மல்லர். முற்றத்தில் இருந்த அதே மனிதர் அன்றைக்கு எதிர்க்கட்சி வீட்டுக்குப் போய்க் கைகொடுத்தார். நம்மூர்ப் பெடியன் அல்லவா! அதன்பிறகு 2025 வரைக்கும் கனடிய அணி எதுவும் ஸ்ரான்லி கிண்ணத்தை வெல்லவில்லை. ஆட்டங்களோ இப்போது ஒன்று இந்தச் சந்தாவில், இன்னொன்று அந்தச் சந்தாவில் என்று பிரிந்துகிடக்கின்றன. எங்கே எந்த ஆட்டம் என்று என் மகள்தான் கண்டுபிடித்துத் தருகிறாள்.

உள்ளூர் அணி ஃப்ரொன்ரனாக்ஸ் ஆடுவதைப் பார்க்க, போரில் இறந்தவர்களின் நினைவாகக் கட்டிய மெமோறியல் சென்ரருக்குப் போவோம். உள்ளே வெளியைவிடக் கொஞ்சம்தான் சூடு. போர்வை கொண்டுபோகிறவர்கள் உண்டு. போர்வையின் ஒரு முனையைப் பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாதவருக்கு நீட்டுகிறவர்களும் உண்டு. ஹொக்கியின் விதி ஒன்றும் எனக்குத் தெரியாத அந்த முதல் பருவத்தில், முன்வரிசையில் இருந்த கிழவி ஒருவர் ஒவ்வொரு விசிலுக்கும் திரும்பிப்பார்த்து எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருந்தார். 2008இல் நகரத்தின் நடுவில் புது அரங்கம் வந்தது. வசதியான கதிரை, துல்லியமான பெரிய திரை, குளிரே தெரியாத மண்டபம். அதற்கு முதலில் ஒரு வானொலியின் பெயர், பிறகு ஒரு தளபாடக் கடையின் பெயர், இப்போது சிறுவர்கள் உறிஞ்சிக் குடிக்கும் ஐஸ் பானமொன்றின் பெயர். மறுபுறம், அரங்கத்தின் வாசலில் உள்ள தெருவுக்கு மட்டும் ஊர் தானாக விரும்பி ஒரு பெயர் வைத்தது: ‘த ட்ராஜிக்லி ஹிப் வே’.

1984இல் இந்த ஊரில் தொடங்கிய இசைக்குழு த ட்ராஜிக்லி ஹிப். மாணவர்கள் கூடும் மதுச்சாலைகளில் பாடித்தான் அவர்கள் வளர்ந்தார்கள். வெளியே தெருவில் நடந்துபோகிறவர் காதிலும் அது விழும். அந்த ஆங்கிலமும் அந்தக் கிற்றார்ச் சத்தமும் ஆரம்பத்தில் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்ராறியோவின் சிற்றூர்களையும், ஹொக்கி வீரர்களையும், சிறைக்கைதிகளையும் பாடுகிறார்கள் என்று மெல்ல மெல்ல விளங்கியபோது, இந்த ஊர் எனக்கும் ஊராகத் தொடங்கியிருந்தது. 2016ஆம் ஆண்டு மே மாதம், பாடகர் கோர்ட் டவுனிக்குக் குணப்படுத்த முடியாத மூளைப் புற்றுநோய் என்ற செய்தி வந்தது. குழு கடைசிப் பயணம் ஒன்று புறப்பட்டு, ஓகஸ்ற் 20இல் சொந்த ஊர் அரங்கத்தில் அதை முடித்துக்கொண்டது; அதுவும் ஒரு சனிக்கிழமை. முந்தைய காலமென்றால் விடியவே எழும்பிப் போய்ச் சீட்டு விற்கும் யன்னலில் நிற்போம், முன்னால் நிற்பவரோடு கதைத்து நண்பராகியும்விடுவோம். அந்தத் தடவை சீட்டுகள் கணினிக்குள் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிட்டன. ஆகவே ஊரே சந்தை கூடுகிற சதுக்கத்துக்குப் போனது. பெரிய திரை கட்டியிருந்தார்கள். சதுக்கத்திலும் சுற்றுத் தெருக்களிலுமாகச் சுமார் 25,000 பேர். சிபிசி இடையில் விளம்பரமே போடாமல் ஒளிபரப்பியது. நாடு முழுவதும் 1 கோடி 17 இலட்சம் பேர் பார்த்தார்கள். அரங்கத்தில் இருந்த பிரதமரைப் பார்த்து, வடக்கே வாழும் பழங்குடி மக்களை நாம் நெடுங்காலமாகப் பாராமல் விட்டுவிட்டோம் என்று டவுனி பேசியபோது, பாட்டுக்குக் கூடிய கூட்டம் வாய்மூடிக் கேட்டது. அவரவர் அவரவர் திரைக்குள் போய்விட்ட காலம் என்று நான் நம்பியிருந்த ஒரு காலத்தில், ஒரே திரையின் முன்னால் ஊர் முழுவதும் தோளோடு தோள் முட்டி நின்றதை என் கண்ணால் கண்டேன். டவுனி 2017 ஒக்ரோபரில் இறந்தார்.

எங்களுக்கென்று இன்னொரு திரையும் இருந்தது. ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த தமிழ்ப் படக் கசெட், 401இல் இரண்டரை மணித்தியாலம் யாராவது ஒருவருடைய காரில் பயணம்செய்து வரும். “அண்ணை, கசெட் வந்திட்டுது. அக்காவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு இரவைக்கு எங்கட வீட்டை வாங்கோ” என்று தொலைபேசி மணி அடித்தால், அன்றைய சமையல் அந்த வீட்டு நிலவறையில்தான். பிரதியின் பிரதி, படம் நடுங்கும், வசனம் இழுபடும். ‘தளபதி’யை அப்படித்தான் பார்த்தோம். டெக் நாடாவைத் தின்றுவிட்டால், அதைப் பென்சிலால் சுற்றியெடுக்கும்வரை முன்பு நடந்த கதையை ஒருவர் வசனத்தோடு நடித்துக்காட்டுவார். அவருடைய நடிப்பு அநேகமாகப் படத்தைவிட நன்றாக இருந்தது. இன்று எந்தப் படமும் வெளிவந்த சில கிழமைகளில் வீட்டுக்கே, கண்ணாடி போன்ற தெளிவோடு வந்துவிடுகிறது. நானும் மனைவியும் பார்க்கிறோம். பாதிப்படத்தில் ஒருவர் நித்திரையாகிவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வூல்ஃப் தீவுக்குப் போகும் படகு இருக்கிறது. அன்றும் இலவசம், இன்றும் இலவசம். 1976ஆம் ஆண்டிலிருந்து ஓடிய பழைய படகில் ஐம்பத்தைந்து கார்கள் ஏறும்; இடம் கிடைக்காதவர்கள் அடுத்த படகுவரை கரையில் காத்திருக்க வேண்டும். காரை நிறுத்திவிட்டு இறங்கி, ஏரிக்காற்றில் நின்று, யாரோ நீட்டும் செர்ரிப்பழத்தைத் தின்றுகொண்டு அப்படிக் காத்திருந்த மணித்தியாலங்களை நான் ஒருநாளும் வீண் என்று எண்ணியதில்லை. இப்போது மின்கலத்தில் ஓடக்கூடிய பெரிய படகு வந்திருக்கிறது. தீவில் 2009 முதல் எண்பத்தாறு காற்றாலைகள் சுழல்கின்றன. அவை வருமுன் அந்தக் கரையில் மரங்களும் தேவாலயக் கோபுரமும் மட்டும் தெரிந்தன. எனக்கு அந்தக் கரைதான் பிடிக்கும். என் பேத்திக்குக் காற்றாலைகள் இல்லாத வூல்ஃப் தீவைக் கற்பனை செய்யவே முடியவில்லை. போன கோடையில் படகின் மேல்தட்டில் நின்று அவற்றை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியவள், பக்கத்தில் நின்ற தீவுக்காரக் கிழவர் ஒருவரோடு கதையில் விழுந்து பாதியில் கணக்கை விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது முதலிலிருந்து எண்ணுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.